கொரோனா வார்டில் வேலை பார்த்த மருத்துவர்களையும் நர்ஸ்களையும் உண்மையில் எது உடைத்தது?

வேலைப்பளுதானே காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாதிதான். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் செய்ய முடியாமல் நின்றார்களே, அதுதான் ஆறாத காயம். 2021 மே மாதம் சென்னை அரசு மருத்துவமனைகளின் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. படுக்கை காலியாகும்வரை நோயாளிகள் அவற்றுக்குள்ளேயே ஆக்சிஜனோடு காத்துக் கிடந்தார்கள். கவச உடைக்குள் வியர்வை வழிய, மூச்சுத் திணறுபவரின் காதருகே செல்போனைப் பிடித்தபடி மகளின் அழுகையையும் சேர்த்துக் கேட்ட நர்ஸ், அடுத்த நிமிடமே பக்கத்துப் படுக்கைக்கு ஓட வேண்டும். அழ நேரமேது?

வெளியிலும் ஆறுதல் இல்லை. 2020 மார்ச் 22 அன்று அவர்களுக்கு நன்றி சொல்லி எல்லோரும் கைதட்டினோம். ஆனால் ஏப்ரலில் இதே சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்ஸைக் கல்லாலும் கட்டையாலும் தாக்கினார்கள். நள்ளிரவில் சக மருத்துவரே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.