தலை தேய்ந்த ஸ்குரூ: செலவு யாருடையது?

மழை விட்டதும் எல்லாரும் பைக்கைக் கழற்ற ஆரம்பித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அசையாத ஸ்குரூவைப் பற்றியவை. அதனால் இந்த வாரம் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: முன் பிரேக் ஆயில் டப்பா மூடியில் இரண்டு ஸ்குரூவும் தலை தேய்ந்துவிட்டன. மாஸ்டர் சிலிண்டரையே (டப்பா இருக்கிற பிரேக் பம்ப்) மாற்ற வேண்டும் என்கிறார் கராஜ் பாஸ். உண்மையா? (தலவாக்கலை)

மாற்ற வேண்டாம். ஸ்குரூ இரும்பு, அது இறங்கியிருக்கும் உடம்பு அலுமினியம். இரண்டும் ஈரத்தில் ஒட்டியே கிடந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரைக்குள் இறுகிவிடும். லயத்து வாசலில் பனியிலும் மழையிலும் நிற்கிற பைக்குக்கு இது வரத்தான் செய்யும்.

முதலில் டப்பாவைச் சுற்றித் துணி கட்டுங்கள். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரியும். பட்ட இடத்தை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஸ்குரூத் தலையில் தட்டை முனை இரும்புப் பஞ்ச் (தட்டுகிற உளி போன்ற கம்பி) ஒன்றை வைத்து, சின்னச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள். உள்ளே இறுகிய பொடி விடும், பிய்ந்து விரிந்த தலையும் கொஞ்சம் ஒடுங்கும். அப்புறம் சரியான அளவு பிட்டை (ட்ரைவரில் மாட்டும் முனை) வைத்து, மேலிருந்து நன்றாக அழுத்திக்கொண்டே திருப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஸ்குரூவின் தலையை மட்டும் ட்ரில்லால் எடுக்கச் சொல்லுங்கள். தலை போனதும் மூடி கையோடு வரும். மிஞ்சிய தண்டில் இறுக்கம் குறைந்திருக்கும், வைஸ் கிரிப்பால் (இறுகிப் பூட்டிக்கொள்ளும் குறடு) பிடித்துத் திருப்பலாம். ட்ரில் தூளை நன்றாகத் துடைத்த பிறகே மூடியைத் தூக்குங்கள். நெருப்புக் காட்ட யாரையும் விடாதீர்கள், உள்ளே ரப்பரும் ஆயிலும் இருக்கிறது. இரண்டு புது ஸ்குரூவின் விலையில் முடிய வேண்டிய வேலை இது.

கேள்வி: "தலை போன எந்த ஸ்குரூவையும் கழற்றும்" என்று இணையத்தில் மலிவாக ஒரு பிட் செட் விற்கிறார்கள். வாங்கலாமா? (வெலிமடை)

வேண்டாம். அப்படி ஒரு செட் என்னிடமும் இருக்கிறது. முதல் ஸ்குரூவிலேயே நுனி ஒடிந்து உள்ளே நின்றது.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய ஜப்பான் பைக். ஸ்டார் ஸ்குரூ ட்ரைவர் எது வைத்தாலும் வழுக்குகிறது, ஸ்குரூவின் தலைதான் தேய்கிறது. நல்ல ட்ரைவர் எப்படிப் பார்த்து வாங்குவது? (ஹட்டன்)

இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி, தம்பி. ஹாட்வெயார் கடைகளில் எனக்குத் தீராத மனக்குறை இதுதான். நாம் "ஸ்டார்" என்று சொல்லி வாங்குவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பிலிப்ஸ், 1930களில் அமெரிக்காவில் வந்தது. மற்றது ஜே.ஐ.எஸ்., அதாவது ஜப்பானின் தொழிற்துறைத் தரம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஜப்பான் ஸ்குரூவின் குழிக்குள் பிலிப்ஸ் நுனி முழுதாக இறங்காது, அந்தரத்தில் நிற்கும். அந்த நிலையில் முறுக்கினால் நுனி மேலே ஏறி வழுக்கி, ஸ்குரூவின் தலையைச் சுரண்டிக்கொண்டு வரும். ஹொண்டா, யமஹா, சுசுகி எல்லாவற்றிலும் பழைய மொடல்களில் இந்த ஜப்பான் ஸ்குரூதான். தலையில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது ஜே.ஐ.எஸ். என்று தெரிந்துகொள்ளலாம். எல்லா ஸ்குரூவிலும் அந்தப் புள்ளி இருக்காது.

அடுத்தது அளவு. பிரேக் டப்பா மூடி போன்ற சின்ன ஸ்குரூவுக்கு 2ஆம் நம்பர். எஞ்சின் பக்க மூடியில் இருக்கும் 6 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு 3ஆம் நம்பர். நம் ஊர் வீடுகளில் இருப்பது 2 மட்டும்தான். அதை வைத்து எஞ்சின் மூடியைக் கழற்றப் போய்த்தான் பாதிப் பேர் தலையைத் தேய்க்கிறார்கள். கடையில் நம்பர் கேட்டால், "எல்லாம் ஒன்றுதான், கொண்டுபோங்க" என்கிறார்கள். ஒன்றல்ல! தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லி விற்பதால் நட்டப்படுவது, சம்பளத்தில் மிச்சம் பிடித்து பைக்கைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைகள்.

கடைக்குப் போகும்போது பைக்கிலிருந்து கழற்றிய ஒரு நல்ல ஸ்குரூவைக் கையில் கொண்டுபோங்கள். ட்ரைவர் நுனியில் அதை மாட்டிப் படுக்கையாகப் பிடியுங்கள். ஆடாமல் நின்றால் வாங்குங்கள், தொங்கினாலோ ஆடினாலோ வைத்துவிட்டு வாருங்கள். கூடவே சுத்தியலால் அடித்துத் திருப்புகிற இம்பெக்ட் ட்ரைவர் ஒன்றும், 3ஆம் நம்பர் ஜே.ஐ.எஸ். பிட்டும் இருந்தால் பல வருஷத்துக்குக் கவலையில்லை. அடி விழும்போது பிட் குழிக்குள் இறங்கி, அதே நொடியில் திருகவும் செய்யும். இந்த ஒரு சாமானுக்குக் காசு செலவழிக்க யோசிக்காதீர்கள்.

கேள்வி: இறுகிய போல்ட்டுக்கு எண்ணெய் ஸ்பிரே அடித்து உடனே திருப்பினேன், போல்ட் உடைந்துவிட்டது. ஸ்பிரே விற்ற கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (பண்டாரவளை)

கேட்க முடியாது. எண்ணெய் மரைக்குள் ஊற நேரம் வேண்டும். இறுகிய போல்ட்டுக்கு ஓர் இரவாவது விட்டிருக்க வேண்டும். டப்பாவில் எழுதியிருப்பதை வாசித்திருந்தாலே போதும்.

கேள்வி: அந்தி நேரத்தில், மழையில் பார்த்து ஒரு பழைய பைக் வாங்கினேன். ஆயில் மாற்றப் போனால், ஆயில் வடிக்கிற அடி நட்டின் மரை போயிருக்கிறது, பசை பூசி வைத்திருக்கிறார்கள். (பொகவந்தலாவை)

இருட்டில், மழையில், அவசரமாக ஏன் வாங்கினீர்கள்? 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய பைக்குக்கு அடிபிடி இருந்தது, அப்போது அவசரப்பட்டதிலாவது நியாயம் உண்டு. 2025இல் இறக்குமதி திறந்தாகிவிட்டது.

பசை பூசி விற்றவர் செய்தது ஏமாற்றுதான், அதில் சந்தேகமில்லை. விற்றவரிடம் போய்க் கேளுங்கள். எப்படியானாலும் எஞ்சினைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நல்ல லேத் பட்டறையில் பழைய மரையை வெட்டிவிட்டு, உள்ளே கம்பிச் சுருள் மரை போட்டுத் தருவார்கள். அலுமினியத்தில் அது பழைய மரையை விட உறுதியாகவே நிற்கும். இனி வாங்கும்போது பகல் வெளிச்சத்தில் ஸ்குரூத் தலைகளைப் பாருங்கள். எஞ்சின் மூடியில் தலைகள் பிய்ந்திருந்தால், ஒன்றுக்கொன்று பொருந்தாத ஸ்குரூ இருந்தால், மூடி ஓரத்தில் பசை பிதுங்கியிருந்தால், உள்ளே யாரோ தெரியாதவர் கைவைத்திருக்கிறார்.

கேள்வி: நான் முன்பள்ளி ஆசிரியை, ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறேன். சர்வீசுக்குக் கொடுத்த இடத்தில் ஒரு மூடியின் போல்ட்டை உடைத்து, அதைக் கழற்றப் போட்ட கருவியையும் உள்ளே உடைத்துவிட்டார்கள். மூடிக்கும் கூலிக்கும் சேர்த்து என்னிடமே பணம் வாங்கினார்கள். பில் கேட்டால் தரவில்லை. (மஸ்கெலியா)

தங்கச்சி, உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. போல்ட் உடைவது நல்ல பாஸ் கையிலும் நடக்கும். அதற்குப் பிறகு என்ன செய்கிறார் என்பதுதான் விஷயம். அலுமினியம் சூட்டில் இரும்பை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மூடியைச் சூடாக்கியோ, உடைந்த தண்டின் மேல் ஒரு நட்டை வெல்ட் பிடித்தோ மெதுவாக எடுத்திருக்கலாம். நேரே கழற்றும் கருவியை அடித்து இறக்கியிருக்கிறார்கள். அந்த உருக்கு மிகக் கடினம், சாதாரண ட்ரில் பிட் அதைத் தொடாது. அதனால்தான் மூடியே வீணானது. அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டியது அநியாயம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வியாபாரியின் கடமை. சேவையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. முறைப்பாட்டை அந்த அதிகார சபையிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், ஆகவே நாள் கடத்தாதீர்கள். சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழி கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. கொடுத்த தேதி, வாங்கிய தொகை, அவர்கள் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் இன்றே குறித்து வையுங்கள். போனில் பேசியிருந்தால் அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். உடைந்த பழைய மூடியைக் கேட்டு வாங்கி, உள்ளே நிற்கும் கருவி தெரியும்படி படம் எடுங்கள். மூடியைத் தர மறுத்தால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.