பம்ப் நிற்கும்போது ஆர்டுயினோ ரீசெட் ஆவது

பம்ப்பை ஓட்டும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஆன் ஆகும்போது ஒன்றும் ஆகவில்லை, 12 வோல்ட் பம்ப் நிற்கும் நொடியில்தான் ஆர்டுயினோ ஊனோ போர்டு ரீசெட் ஆகி எல்சிடியில் கண்டபடி எழுத்து வருகிறது என்கிறீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது. புரோகிராம் கோடில் காரணம் தேட வேண்டாம்.

முதலில் பம்ப் வயரைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் ஆன், ஆஃப் செய்து பாருங்கள். ரீசெட் வரவில்லை என்றால் குற்றவாளி மோட்டார்தான். அதன் சுருளில் ஓடும் கரண்ட்டை ரிலே சட்டென்று வெட்டும்போது எதிர்த்திசையில் பெரிய வோல்டேஜ் எகிறும், ரிலேயின் காண்டாக்டில் பொறி பறக்கும். ரிலே மாட்யூலில்தான் டயோடு (கரண்ட்டை ஒரே திசையில் விடும் பாகம்) இருக்கிறதே என்பீர்கள். அது ரிலேயின் சொந்தச் சுருளான காயிலுக்கு மட்டும்.

பம்ப் முனைகளிலேயே ஒரு 1என்4007 டயோடு வையுங்கள், வெள்ளிக் கோடு உள்ள பக்கம் பிளஸ்ஸுக்கு. மாற்றி வைத்தால் சப்ளை ஷார்ட் ஆகும், பார்த்து. கூடவே அதே முனைகளில் 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று.

பம்ப் இல்லாமலும் ரீசெட் ஆனால் 5 வோல்ட் சப்ளையைப் பாருங்கள். இந்த மாட்யூல்களில் வரும் நீல நிற ரிலேயின் காயில் ஒன்றே சுமார் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். போர்டுக்கு 12 வோல்ட்டை டிசி ஜாக்கில் கொடுத்திருந்தால் அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர் சூடாகித் திணறும். ரிலேக்குத் தனி 5 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். அப்படியும் தீரவில்லையா, கிரவுண்ட் வயர் போகும் வழி தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள்.