கேஸில் பச்சை, மூடியில் பழுப்பு: பழைய கைக்கடிகாரத்தை உப்புத்தாளால் தேய்க்கலாமா?

கேள்வி: அப்பா கட்டியிருந்த எச்எம்டி ஜனதா பல வருடம் பீரோவில் கிடந்தது. பட்டை மாட்டும் காதுகளுக்கு நடுவே பச்சையாகப் பூத்திருக்கிறது. பின் மூடியின் ஓரம் பழுப்பாக இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்தால் துரு போய்விடுமா?

பதில்: தயவுசெய்து உப்புத்தாளைத் தொடாதீர்கள். அந்தப் பச்சை துரு அல்ல, களிம்பு. துரு இரும்பில் வரும். செம்பிலும் பித்தளையிலும் களிம்புதான் ஏறும். மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் மூடி மட்டுமே ஸ்டீல். கேஸ், அதாவது வெளிக்கூடு, பித்தளை, அதன் மேல் நிக்கல், அதற்கும் மேல் குரோம் முலாம். முலாமில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், வியர்வை உப்பு உள்ளே இறங்கிப் பித்தளையை அரிக்கும். முலாம் கொப்புளமாக எழும்பி உதிரும். உப்புத்தாள் பட்டால் மிச்சமிருக்கும் முலாமும் போய் மஞ்சள் தெரியும்.

முதலில் மெஷின், டயல், கண்ணாடி மூன்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். மெஷினுக்குள் இருக்கும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கில் ஈரம் பட்டுத் துருப்பிடித்தால், கேஸ் பளபளத்து என்ன பயன்? சாவித் தண்டைக் கழற்றிப் பழக்கமில்லை என்றால் அதை மட்டும் வாட்ச் ரிப்பேர் கடையில் செய்து வாங்குங்கள். பட்டையைப் பிடிக்கும் ஸ்பிரிங் பார் துருவேறி இறுகியிருந்தால் நெம்பாதீர்கள், காது வளைந்துவிடும். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு விடுங்கள். பழைய பாரைத் திரும்பப் போட வேண்டாம். புதிது சில ரூபாய்தான்.

வெறும் கேஸை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து மென்மையான பல்துலக்கியால் தேயுங்கள். மூடி ஓரத்துப் பழுப்பு பெரும்பாலும் வியர்வையும் தோல் அழுக்கும் சேர்ந்த பிசுக்கு, இதிலேயே போய்விடும். போகாத களிம்புக்கு 100 மில்லி தண்ணீரில் 5 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, 5 நிமிடம் மட்டும் வைத்து, பல்குச்சி முனையால் சுரண்டுங்கள். அதிக நேரம் விட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, அந்த இடம் செம்பு போல ரோஜா நிறமாகிவிடும். அதை மறுபடி மஞ்சளாக்க மேலே உள்ள படலத்தைத் தேய்த்தெடுக்க வேண்டும். குத்துவிளக்குக்குச் செய்வது போலப் புளியும் உப்பும் இங்கே கூடாது. குழிகளில் தங்கும் உப்பே மறுபடி அரிக்கும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் காதுத் துளைகள்வரை உலர்த்துங்கள்.

மூடியில் உண்மையாகவே செம்பழுப்புப் புள்ளிகள் நின்றால், அதைத் தனியே 50 டிகிரி சூட்டில் 10 சதவீத சிட்ரிக் கரைசலில் 20 நிமிடம் வையுங்கள். துருவும் கரையும், ஸ்டீலின் காப்புப் படலமும் திரும்ப உருவாகும். இரும்புக் கம்பி நார் வேண்டவே வேண்டாம். அதன் துகள் ஸ்டீலில் பதிந்து புதுத் துருவுக்கு வித்தாகும்.

அரித்த குழி எதைத் தடவினாலும் நிரம்பாது. பழைய முலாமை உரித்து, குழியை அடைத்து, செம்பு, நிக்கல், குரோம் என்று வரிசையாகப் பூச வேண்டும். குழியை அடைக்காமல் பூசும் கடையில் கொடுத்தால் அம்மைத் தழும்பு போல எல்லாம் மேலே தெரியும். தினமும் கட்டப் போவதில்லை என்றால் முலாம் பூசாமல் விடுவதையே நான் சொல்வேன்: மெழுகு பாலிஷ் மெல்லிதாகப் பூசி, தோல் பட்டையைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள். நிக்கல் தெரியும் இடம் மணிக்கட்டில் பட்டுச் சிலருக்கு அரிப்பு வரும். கட்டுவதானால் அடியில் தோல் மடிப்புள்ள பட்டை போட்டுக்கொள்ளுங்கள்.