தங்கா எனும் திபெத்தியத் துணி ஓவியங்களில் செல்வக் கடவுளின் கையில் கீரி இருப்பது ஏன்?

அந்தக் கடவுள் ஜம்பாலர். நம் குபேரனுக்கு நெருங்கிய உறவு. அதே தொப்பை, அதே யட்சர் குலம். இந்திய பௌத்தத்தோடு திபெத்துக்குப் போனவர்.

புதையலைக் காப்பவை நாகங்கள் என்பது பழைய நம்பிக்கை. பாம்பை வெல்லும் பிராணி கீரி. ஆகவே செல்வம் அதன் வசம். மத்திய ஆசியாவில் கீரித்தோலில் பணப்பை செய்த வழக்கத்தையும் கலை வரலாற்றாளர்கள் காரணமாகச் சொல்வதுண்டு.

மஞ்சள் ஜம்பாலரின் படம் கிடைத்தால் இடக்கையை உற்றுப் பாருங்கள். கீரியைப் பிடித்து லேசாக அழுத்துகிறார். அதன் வாயிலிருந்து மணிகள் உதிர்கின்றன. வலக்கையில் நார்த்தங்காய் போன்ற ஒரு பழம். தொங்கவிட்ட வலக்கால் பெரும்பாலும் சங்கின் மேல் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அந்த மணிகள்தான்: அவர் எதையும் முடிந்து வைப்பதில்லை, கொட்டவிடுகிறார். தானம் செய்ய மனம் வேண்டும் என்பதே இந்த வழிபாட்டின் உயிர். வெறும் பணவரவுப் படமாக இதை மாட்டி வைப்பது வருத்தமாக இருக்கிறது.

சிங்கத்தின் மேல் வெற்றிக்கொடியோடு இருந்தால் அவர் வைஸ்ரவணர் என்ற இன்னொரு செல்வக் கடவுள். கீரி அவரிடமும் உண்டு.

மரபான தங்காவுக்குப் பருத்தித் துணியில் பசையும் சுண்ணப்பொடியும் பூசி, வழவழப்பாகத் தேய்த்து, கனிம நிறங்களால் தீட்டுவார்கள். கண் திறப்பது கடைசியில்தான்.