பைக் டேங்க்ல ஈரம், பிளைட் லேட்டு!

கேள்வி: மார்கழியில காலைல ஆறு மணிக்கு டேம் ரோட்ல முன்னாடி போற பால் வண்டியே தெரியல, ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளுனு அடிக்குது. அன்னிக்கு என் மச்சான் பெங்களூர்ல பிளைட் லேட்டுன்னு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாரு. நாங்க லைட் போட்டுட்டு மெதுவா போயிடுறோமே, விமானத்துக்கு என்ன வந்துச்சு?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: நீங்க மெதுவா போலாம் சார், அது போக முடியாதே! இறங்குற நேரத்துலயே பெரிய விமானம் மணிக்கு 250 கிலோமீட்டர் பக்கம் வரும், அதாவது செகண்டுக்கு சுமார் 70 மீட்டர், 500 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரியுதுன்னா பைலட் கையில இருக்கிறது ஏழே செகண்டு. கருவிய நம்பி இறங்க வழி இருக்கு, ஆனா ரன்வே, விமானம், பைலட் மூணுக்கும் அந்தத் தகுதி இருக்கணும்.

இந்தப் பனிமூட்டம் தரைய தொட்டுக்கிட்டு நிக்கிற மேகம், அவ்ளோதான். ராத்திரி வெளிய நிறுத்தின பைக் டேங்க்க காலைல தொட்டுப் பாருங்க, சொட்டச்சொட்ட நனைஞ்சிருக்கும், ஷெட்டுக்குள்ள இருந்தது காஞ்சே கிடக்கும். வானம் தெளிவா இருந்தா தரையோட சூடு மேல போயிடுது, தரைய ஒட்டின காத்தும் குளிர்ந்து, ஈரத்த தாங்க முடியாம துளியா விட்டுடுது. அப்படி விடுற வெப்பநிலைக்குப் பேர்தான் டியூ பாயிண்ட். மோடம் போட்ட ராத்திரியில மேகம் போர்வை மாதிரி சூட்ட புடிச்சு வெச்சுக்கும், அதான் மறுநாள் பனி குறைச்சல். காத்து சுத்தமா நின்னுட்டா புல்லு மேல பனித்துளியோட சரி, லேசா வீசினாதான் மூட்டம், பலமா வீசினா கலைஞ்சிடும்.

அதனால பைலட் வானிலை ரிப்போர்ட்ல முதல்ல தேடுறது ரெண்டு நம்பர். வெப்பநிலை 15, டியூ பாயிண்ட் 14ன்னு போட்டிருந்தா உஷாராயிடுவாரு. பார்வை தூரம் 1000 மீட்டருக்குக் கீழ போனாதான் அவங்க கணக்குல அது மூடுபனி.

கேள்வி: பைலட்டுக்கு எந்த மேகத்தக் கண்டா பயம்?
- பிளஸ் ஒன் மாணவி, பாலக்கோடு

பதில்: சித்திரை மாசம் மத்தியானம் மாங்கா தோப்புக்கு மேல கோபுரமா எழும்பி, உச்சி மட்டும் கொல்லர் பட்டடை மாதிரி தட்டையா விரியுமே, அந்தக் குமுலோநிம்பஸ்தான். நம்ம பக்கம் 15 கிலோமீட்டர் உசரம் கூட போகும், பயணிகள் விமானம் பறக்கிறதோ 10லருந்து 12, தாண்டவும் முடியாது உள்ள நுழையவும் கூடாது, ஆலங்கட்டி, மின்னல், தூக்கிப் போடுற காத்துன்னு எல்லாம் அதுக்குள்ள. சுத்தித்தான் போவாங்க.

பஞ்சு மேகம் எவ்ளோ உசரத்துல தொடங்குதுன்னு நீயே கணக்குப் போடலாம்மா, வெப்பநிலையில இருந்து டியூ பாயிண்ட்ட கழிச்சு 400ஆல பெருக்கு. 34, 24ன்னா 4000 அடி, தோராயமாதான்.