முதலில் நாற்காலியைச் சொல்லுங்கள்: மடக்கு மேசை கேள்வி பதில்

கூடாரம் போட்டு வெளியே தங்குகிறவர்கள் சிலர், எந்த மடக்கு மேசை வாங்கலாம் என்று கேட்டிருந்தார்கள். பத்து வருடமாகக் குடும்பத்தோடு இப்படித் தங்கிப் பழகியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அண்ணா, நாங்கள் நாலு பேர். காரில்தான் போவோம். எந்த மேசை நல்லது?

எதில் உட்காரப் போகிறீர்கள்? அதை முடிவு செய்துவிட்டு மேசையைப் பாருங்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசை சுமார் 75 செ.மீ. உயரம் இருக்கும். அதே உயரத்தில் வாங்கிவிட்டு, உட்கார்ந்தால் அமுங்கும் துணி நாற்காலியில் உட்கார்ந்தால் தட்டு நெஞ்சுக்கு நேரே வந்துவிடும். அந்த நாற்காலிக்கு 45 முதல் 55 செ.மீ. போதும். பாய் விரித்துச் சாப்பிடுகிற குடும்பமா, 30 செ.மீ. பாருங்கள். நின்று சமைக்க 80 செ.மீ.க்கு மேல் வேண்டும்; இல்லாவிட்டால் வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

நாலு தட்டுக்கு 120 × 60 செ.மீ. சரியாக இருக்கும். குழம்புச் சட்டிக்குத் தனியாக ஒரு குட்டி மேசை.

அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

அலுமினியத்தின் எடை, அதே அளவு இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். பாய் மாதிரிச் சுருட்டும் அலுமினியப் பட்டை மேசை பைக்குள் அடங்கிவிடும், சூட்டுக்கும் பயமில்லை. ஆனால் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் டம்ளர் ஆடும், சோற்றுப் பருக்கை சிக்கும்.

சூட்கேஸ் போல இரண்டாக மடியும் பிளாஸ்டிக் மேசை துடைக்கச் சுலபம். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேரே அதன் மேல் வைத்தால் மட்டும் வட்டமாகத் தழும்பு விழும், பிறகு போகாது. மரத்தூள் பலகை வேண்டவே வேண்டாம். ஓரத்தில் ஒட்டிய பட்டை கொஞ்சம் பிரிந்தாலும் மலைப்பனியில் ஈரம் இறங்கி, பலகை உப்பிவிடும்.

பெட்டியில் "30 கிலோ தாங்கும்" என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

பொதுவாக அது மேசை முழுக்கப் பரவலாக வைக்கும் எடைக்கான கணக்கு. நடுவில் மடிப்பு உள்ள மேசையில், 20 லிட்டர் தண்ணீர் கேனை மடிப்பின் மேலேயே வைத்தால் 20 கிலோவும் ஒரே இடத்தில் இறங்கும். கால் இருக்கும் பக்கமாகத் தள்ளி வையுங்கள். தரையில் வைப்பது இன்னும் நல்லது.

எடையைவிட ஆட்டத்தைத்தான் நான் பார்ப்பேன். கடையிலேயே விரித்து, ஒரு மூலையில் உள்ளங்கையை வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டால் சரி. கால் மொத்தமாகச் சாய்ந்தால், காலை இணைக்கும் ஆணியான ரிவெட்டில் பிடிப்பு இல்லை என்று அர்த்தம். அப்புறம் குனிந்து, கால்களை இணைக்கும் குறுக்குக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். கால் விரியும்போது "டக்" என்று பூட்டு விழ வேண்டும். இந்த இரண்டு நிமிடத்தைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடற்கரை மணலில் கால் புதைகிறது. என்ன செய்யலாம்?

தனித்தனி கால்களைவிட, கீழே கம்பியால் சேர்ந்த கால்கள் மணலில் நன்றாக நிற்கும். இருப்பது தனிக்கால் மேசை என்றால், ஊறுகாய் ஜாடியின் அகலமான மூடியை ஒவ்வொரு காலுக்கும் கீழே வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காய வைத்துவிடுங்கள். உப்பு ஈரம் நின்றால், அலுமினியத்தில் இரும்பு ரிவெட் சேரும் இடத்தில்தான் அரிப்பு முதலில் தொடங்கும்.

சார், பைக்கில் ஏலகிரி போகிறோம்.

துணி மேற்பரப்பும் கழற்றி மாட்டும் குழாய்க் கால்களும் உள்ள மேசை. ஒரு கிலோ அளவில் கிடைக்கும். மலை ஏறும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. பக்கவாட்டில் நீட்டாமல் சீட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். டீ, தட்டு வைக்கலாம். துணி மேல் அடுப்பு வைக்கவே கூடாது.

அப்படியானால் அடுப்பை எதில் வைப்பது? கூடவே இரண்டு சின்னப் பிள்ளைகள் வருவார்கள்.

உலோக மேற்பரப்புள்ள தனி மேசையில், கூடாரத்துக்கு வெளியே, பிள்ளைகள் ஓடும் வழியை விட்டுத் தள்ளி. மழை வந்தாலும் அடுப்பை உள்ளே கொண்டு போகாதீர்கள்; தீ மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். மேசை விரிப்பும் வேண்டாம், தொங்கும் நுனியைப் பிள்ளை இழுத்தால் சட்டி அதன் மேல்தான் கவிழும். என் மகளுக்கு நாலு வயதில் மேசையின் மடிப்பில் விரல் நசுங்கி, நகம் கறுத்துப் போனது. அன்றிலிருந்து, பிள்ளைகள் இரண்டடி தள்ளி நின்ற பிறகுதான் மேசையை விரிக்கிறேன், மடக்குகிறேன்.