சீட்டுப் பணமும் பிள்ளை பெற்ற உடம்பும்

கேள்வி: கொட்டகலையில் வசிக்கிறேன்; ஹட்டனில் ஓர் அலுவலகத்தில் வேலை. வயது 31, உயரம் 155 சென்டிமீட்டர். இரண்டாவது குழந்தை சிசேரியனில் பிறந்து எட்டு மாதமாகிறது. இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். முதல் பிரசவத்துக்கு முன் 58 கிலோவாக இருந்தேன், இப்போது 71. வயிற்றில் பிள்ளை இருந்தபோது சீனி கூடியிருப்பதாகச் சொன்னார்கள், பிறகு பார்க்கவில்லை. எப்போதும் களைப்பு, முடி கொட்டுகிறது, சில மாலைகளில் காரணமில்லாமல் அழுகை வருகிறது. அடுத்த மாதம் சீட்டு எடுத்தால் 120,000 ரூபாய் கைக்கு வரும். அதில் ஜிம்மில் ஒரு வருடத்துக்குச் சேரவா, முகநூலில் விற்கும் எடை குறைக்கும் மா பைக்கற்றையும் வயிற்றுப் பட்டியையும் வாங்கவா, வீட்டிலேயே ஓடும் மெஷின் ஒன்று போடவா? மூன்று மாதக் கருத்தடை ஊசி போடுவதால்தான் உடம்பு ஊதுகிறது என்கிறார் மாமியார். அது உண்மையா, டொக்டர்?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்து போன விடயத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் சீனி கூடிய ஒரு தாய், பிரசவத்துக்குப் பின் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களுக்குள், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்துச் செய்யப்படும் பரிசோதனையை மீண்டும் செய்துகொள்ள வேண்டும். குழந்தை பிறந்ததும் சீனி பெரும்பாலும் இறங்கிவிடுவதாலும், அதன் பிறகு கிளினிக்குக்குப் போவதெல்லாம் குழந்தையின் தடுப்பூசிக்காகவே என்று ஆகிவிடுவதாலும், நம் பகுதியில் பல தாய்மார் இதைத் தவறவிடுகிறார்கள். கர்ப்ப கால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, அது வராத பெண்ணைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகம். எட்டு மாதம் கடந்துவிட்டதே என்று தயங்காமல் இந்தப் பரிசோதனையை இப்போதே செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது நீரிழிவு. இரண்டு மணி நேர அளவு 140க்கும் 199க்கும் இடையில் நின்றால் அது நீரிழிவின் வாசற்படி நிலை. அங்கிருந்து திரும்பி வர முடியும்.

அதே நாளில் இன்னும் இரண்டு சோதனைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று ஹீமோகுளோபின் உட்பட முழு இரத்தப் பரிசோதனை. மற்றது தைரொய்ட் சுரப்பிக்கான டி.எஸ்.எச். பிரசவத்துக்குப் பிறகான முதல் வருடத்தில், குறிப்பாக நான்காம் மாதத்துக்கும் எட்டாம் மாதத்துக்கும் இடையில், சில பெண்களுக்குத் தைரொய்ட் மந்தமாகி, களைப்பு, எடை ஏற்றம், முடி உதிர்வு, மனச்சோர்வு, குளிர் தாங்காமை ஆகியவை ஒன்றாக வந்து சேரும். (கொட்டகலையில் குளிர் தாங்காதவர் யார் என்று நீங்கள் கேட்கலாம்; அதனால்தான் அறிகுறியை நம்பாமல் இரத்தத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.) முடி உதிர்வு மட்டும் தனியாக இருந்தால் அது பிரசவித்த பெண்கள் பலருக்கும் வந்து தானாக நிற்பதுதான், அதற்கென எண்ணெய் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். இந்தச் சோதனைகளை அரச வைத்தியசாலையில் வைத்தியரின் துண்டோடு கேட்டுப் பாருங்கள். தனியார் ஆய்வுகூடத்தில் செய்ய நேர்ந்தாலும் உங்கள் சீட்டுப் பணத்தில் சிறு பகுதிதான் போகும்.

மாலை அழுகையைப் பற்றியும் நேராகவே சொல்லிவிடுகிறேன். பிரசவித்த முதல் இரண்டு வாரங்களில் வரும் கண்ணீர் இயல்பானது. எட்டாம் மாதத்தில் வருவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. குழந்தை பெற்ற பெண்களில் உலக அளவில் சுமார் 13 வீதத்தினருக்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுகிறது என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு; நம்மைப் போன்ற நாடுகளில் அது இன்னும் கூடுதல். மிட்வைஃப் என்று நாம் அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைச் சொல்லுங்கள். அவருக்கு இது புதிய கதையாக இருக்காது. வைத்தியரிடம் அனுப்பும் வழியும் அவருக்குத் தெரியும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் ஒரு கணம் வந்தாலும், இதை வாசித்து முடிக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மனச்சோர்வு இருந்தால் அதற்குரிய சிகிச்சைதான் முதல் செலவு. எடையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி எடைக்கு வருவோம். உங்கள் உயரத்துக்கு 71 கிலோ என்பது உடல் நிறைச் சுட்டியில் 29.6 ஆகிறது. ஆசிய உடலமைப்புக்கு 23க்கு மேல் கூடுதல், 27.5க்கு மேல் நோய் ஆபத்து அதிகம் என்று கொள்வதால், உங்களுக்குக் கவலைப்படக் காரணம் உண்டு. ஆனால் 58க்கு இறங்கினால்தான் பயன் என்று நினைப்பது தவறு. 2002 இல் முடிவுகள் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாசற்படி நிலையில் இருந்தவர்கள் உடல் எடையில் ஏழு வீதத்தைக் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதையும் இலக்காகக் கொண்டபோது, நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. உங்கள் எடையில் ஏழு வீதம் என்பது ஐந்து கிலோ. பாலூட்டும் தாய் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறக்கக் கூடாது. மாதம் ஒன்றரைக் கிலோ என்று வைத்தாலும் நான்கு மாதத்துக்குள் அந்த ஐந்து கிலோ போய்விடும். தராசை மட்டும் நம்பாமல், தையற்காரரின் அளவு நாடாவால் மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லைக்கோடு.

நீங்கள் கேட்ட பொருட்களில் மா பைக்கற்றைத்தான் முதலில் தள்ளிவிடுவேன். சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் அப்படியொரு பைக்கற்றை என் மேசையில் வைத்தார்; பளபளப்பான உறை, பின்புறம் இலைகளின் படம், பதிவு இலக்கமோ தயாரித்தவர் முகவரியோ இல்லை. மருந்தென்று விற்கப்படும் எதுவும் உரிய அரச நிறுவனத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 2010 இல் இதய ஆபத்தின் காரணமாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற மருந்து, மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்ட எடை குறைப்புப் பொருட்களில் ஒளிந்திருப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மெலிவிக்கும் தேயிலை என்று வருவதில் பெரும்பாலும் இருப்பது பேதிக்குக் கொடுக்கும் சூரத்தாவாரை. அதைக் குடித்தால் தண்ணீர் போகும், கொழுப்பு போகாது. தேயிலைக்கு நடுவில் வாழும் நாம் இன்னொருவர் விற்கும் தேயிலைக்கு இத்தனை விலை கொடுப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இப்போது பேசப்படும் எடை குறைக்கும் ஊசிகளும் பாலூட்டும் காலத்துக்கு உரியவை அல்ல.

வயிற்றுப் பட்டி சிசேரியன் முடிந்த முதல் வாரங்களில் எழுந்து நடக்கையில் தையலுக்குத் தாங்கலாக இருக்கும். எட்டாம் மாதத்தில் அது எதையும் கரைக்காது. உங்கள் வயிறு தள்ளி நிற்பதற்குக் கொழுப்பைத் தவிர வேறொரு காரணமும் இருக்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, தலையைச் சற்றே தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல் நுனிகளை அழுத்திப் பாருங்கள். இரண்டு விரல்களுக்கு மேல் உள்ளே இறங்கும் இடைவெளி இருந்தால், வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில் ஜிம்மில் படுத்து எழும்பும் பயிற்சியைச் செய்தால் வயிறு கூம்பாகத் துருத்துமேயன்றி உள்ளே போகாது. இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறதா என்பதையும் கூச்சப்படாமல் கவனியுங்கள். இரண்டுக்கும் பயிற்சி உண்டு. அதைக் கற்றுக்கொள்ள இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவரிடம் இரண்டு மூன்று தடவை போவதற்கு ஆகும் செலவு நியாயமான செலவு. பெரிய அரச வைத்தியசாலைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. இது முடிந்த பிறகும் ஜிம் உங்களுக்குப் பிடித்திருந்தால் மாதக் கட்டணத்தில் சேருங்கள். மழைக் காலத்தில் பஸ்ஸைப் பிடித்து, குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு எத்தனை நாள் போவீர்கள் என்று தெரியாமல் வருடக் கட்டணம் கட்ட வேண்டாம். ஓடும் மெஷினைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. மூன்றாம் மாதம் அதில் துணி காயும்.

அப்படியானால் பணத்தை எதில் போடுவது? பாதிக்கு மேல் நேரத்தில் போடுங்கள் என்பதுதான் என் பதில். குழந்தையின் ஆறாம் மாதத்தில் நாளுக்கு ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கிய தாய்மார், ஒரு வருடம் முடியும்போது கர்ப்பத்தில் ஏறிய எடையில் ஐந்து கிலோவோ அதற்கு மேலோ இறங்காமல் தங்கிவிடும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வு காட்டியிருக்கிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும். களைத்த உடம்பு இனிப்பையும் மாவையும் தேடும். காலை ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் செய்து, அலுவலகம் போய், இருட்டில் திரும்பும் உங்களுக்கு இல்லாதது மெஷின் அல்ல. பக்கத்து லயத்திலோ வீதியிலோ நம்பிக்கையான அக்கா ஒருவருக்கு ஊதியம் பேசி, வாரத்தில் நான்கு நாள் மாலை ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் நடங்கள், இரண்டு நாள் உறங்குங்கள். உறங்குவதற்குக் காசா என்று வீட்டில் யாரும் கேட்டால், வைத்தியர் எழுதிக் கொடுத்தது என்று சொல்லலாம். அந்த ஒன்றரை மணி நேரம் முழுவதும் நடக்க முடியாவிட்டால், மிஞ்சிய நடையைச் சனி ஞாயிறு காலைகளில் கணவர் பிள்ளைகளோடு இருக்கும்போது முடித்துக்கொண்டால் 150 நிமிடம் சேர்ந்துவிடும்.

நடப்பதற்கு நம் மேடுகளே போதும். ஏறுவது இதயத்துக்கு நல்லது, இறங்குவதுதான் முழங்காலுக்குக் கடினம். ஆகவே பிடிப்புள்ள நல்ல சப்பாத்து ஒரு சோடியும் மழைக்கோட்டு ஒன்றும் வாங்குவதை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம். ஏறி, மெதுவாகச் சிறு அடிகளாக இறங்குங்கள்.

சாப்பாட்டைக் குறைப்பதைவிட மாற்றுவதே உங்களுக்கு ஏற்றது. பாலூட்டும்போது நாளுக்கு 1,800 கலோரிக்குக் கீழே போகக் கூடாது. கிளினிக்கில் நான் ஒரு சீனிப் போத்தலையும் வெறுங்கிளாசையும் வைத்திருக்கிறேன். ஒரு நாளில் குடிக்கும் தேத்தண்ணிக்கான சீனியைக் கிளாசில் போடச் சொல்வேன். ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு குவித்த கரண்டி என்று ஒரு தாய் போட்டு முடித்தபோது, உள்ளங்கையில் வைத்து நக்கும் சீனியை நினைத்துக்கொண்டு தானாகவே இன்னும் ஒரு கரண்டி போட்டார். பத்துக் கரண்டியே ஐம்பது கிராம், இருநூறு கலோரி. உலக சுகாதார அமைப்பு ஒரு நாளுக்குச் சொல்லும் உச்ச எல்லையும் அந்த ஐம்பது கிராம்தான். அதைப் பாதியாக்குங்கள். தேத்தண்ணியைச் சோற்றோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் அது தடுக்கும். காலையில் மூன்று மா ரொட்டியும் சம்பலும் என்றிருந்தால், ஒரு ரொட்டியை நிறுத்தி அந்த இடத்தில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் அவித்த கௌப்பியோ வையுங்கள். பணத்தில் ஒரு பங்கை மாதாமாதம் முட்டைக்கும் நெத்தலிக்கும் பயறுக்கும் என்று ஒதுக்கி, வீட்டில் மற்றவர்களுக்குப் பகிர்ந்த பிறகு மிஞ்சுவதை உண்ணும் பழக்கத்தை விடுங்கள். வல்லாரையும் போஞ்சியும் கோவாவும் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றன.

மாமியார் சொன்னதில் உண்மை இருக்கிறது. மூன்று மாத ஊசி எல்லோருக்கும் எடையை ஏற்றுவதில்லை. ஆனால் தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் ஐந்து வீதத்துக்கு மேல் ஏறியவர்களுக்கு மேலும் ஏறும் வாய்ப்பு அதிகம். முதல் ஊசி போட்ட நாளில் உங்கள் எடை என்னவென்று கிளினிக் அட்டையில் தேடிப் பாருங்கள். அன்று 67 ஆக இருந்து இன்று 71 என்றால், கருப்பைக்குள் வைக்கும், ஹோர்மோன் இல்லாத லூப்பைப் பற்றி மிட்வைஃபிடம் கேளுங்கள்; அதை அரச கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளலாம், நீங்கள் பாலூட்டுவதற்கும் அது தடையில்லை. மாற்று வழி கையில் வரும்வரை அடுத்த ஊசியின் திகதியை மட்டும் தவறவிடாதீர்கள்.